பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நாள்: மூட்டுவலி உள்ள மாமியாரையும் நான்கு பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல யோசனை வேண்டும்

வடசேரிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலிலேயே பிறந்து வளர்ந்திருந்தும், பத்மநாபபுரம் அரண்மனைக்கு நான் போனது பள்ளியில் படித்தபோது ஒரே ஒரு முறைதான். அன்று வரிசை நகர்ந்துகொண்டே இருந்ததால், முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்த ஒரு கறுப்புத் தரையும், தலைக்கு மேலே சங்கிலியில் தொங்கிய விளக்கும் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை.

பிப்ரவரி மாதம் இரண்டாவது சனிக்கிழமையையொட்டி என் நாத்தனார் குடும்பத்தோடு கோயம்புத்தூரிலிருந்து வருகிறார். அவர்களும் நாங்களும் சேர்ந்து ஒன்பது பேர். மாமியாருக்கு 74 வயது ஆகிறது. சமதளத்தில் மெதுவாக நடப்பார், ஆனால் படி என்றால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவார். பிள்ளைகள் நால்வரில் மூத்தவனுக்குப் பதினான்கு வயது, கடைக்குட்டிக்கு ஆறு.

என் கணவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கும் திட்டம் இதுதான்: காலையில் அரண்மனை, அதன்பின் உதயகிரிக் கோட்டை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவியில் குளியல், திரும்பும்போது சிதறால் மலை, சாயங்காலம் கன்னியாகுமரியில் சூரியன் மறைவது. இதைப் படித்தபோதே எனக்குக் களைப்பாக இருந்தது. அரண்மனையை அவசரமில்லாமல் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும், மாமியாரால் எந்தப் பகுதிவரை வர முடியும், கட்டுச்சோறு கொண்டுபோனால் உட்கார்ந்து சாப்பிட உள்ளே தோட்டம் போல ஏதாவது இருக்கிறதா என்பதை அடிக்கடி போய் வருகிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்குளத்துக்காரன் எழுதியது:

சகோதரி, நான் அரண்மனையைச் சுற்றியுள்ள பத்மநாபபுரம் கோட்டைக்கு உள்ளேயே குடியிருப்பவன். வீட்டுக்கு வரும் விருந்தினரையெல்லாம் அரண்மனைக்கு அழைத்துப்போய் அழைத்துப்போய், ஊட்டுபுரை என்ற உணவுக்கூடத்தின் ஊறுகாய்ப் பரணிகளை எண்ணச் சொன்னால்கூடக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிவிடுவேன். அந்த உரிமையில் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்காரரின் தாளில் முதல் இரண்டு இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வேறொரு நாளுக்கு ஒதுக்குங்கள்.

முதலில் நாள். திங்கட்கிழமை விடுமுறை, தேசிய விடுமுறை நாட்களிலும் திறப்பதில்லை. அரண்மனை இருப்பது நம் மாவட்டத்தில் என்றாலும், 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அதன் பொறுப்பு கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இருக்கிறது என்பதால், நம் ஊர் அலுவலக விடுமுறைக் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். இங்கேயே குடியிருக்கும் நானே ஒரு முறை மதுரையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டாரைத் திங்கட்கிழமை என்பதை மறந்து அழைத்துப்போய், பூட்டிய வாசலில் நிறுத்திவிட்டேன். இன்றுவரை எந்த விசேஷத்தில் பார்த்தாலும் "இன்றைக்கு என்ன கிழமை?" என்றுதான் சம்பந்தி பேச்சைத் தொடங்குகிறார்.

பிப்ரவரி என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த ஆண்டின் சிவராத்திரி உங்கள் நாளுக்கு அருகில் வருகிறதா என்று நாட்காட்டியைப் புரட்டுங்கள். பன்னிரு சிவாலயங்களுக்கும் ஓடும் அடியார்கள் கல்குளம் நீலகண்டசுவாமி கோயிலுக்கும் வருவார்கள். அது கோட்டைக்குள்தான் இருக்கிறது. காவி உடுத்து, கையில் விசிறியோடு, "கோவிந்தா கோபாலா" என்று கூவிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்ப்பது பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும் என்றாலும், அன்று இந்தத் தெருக்களில் வேனைத் திருப்புவதற்குள் ஓட்டுநர் அழுதுவிடுவார். நவராத்திரிக்கு முன்பும் இப்படித்தான்: அரண்மனையின் தேவாரக்கெட்டு சரஸ்வதி அம்மன் யானை மீதேறித் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் நாளில் ஊரே வாசலில் நிற்கும்.

அடுத்தது நேரம். காலை 9 மணி முதல் 1 மணி வரையும், பிற்பகல் 2 முதல் 4.30 வரையும் திறந்திருக்கும். நீங்கள் 9 மணிக்கு நுழைவுச்சீட்டுச் சன்னலில் நிற்க வேண்டும். பத்தரை மணிக்குப் பிறகு சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கிவிட்டால், குறுகிய படிகளில் முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. ஒன்பது பேருக்கு, அதிலும் ஒருவர் மெதுவாக நடக்கிறவர் என்றால், மூன்று மணி நேரம் வேண்டும்.

மாமியாரைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முகப்பு மண்டபமான பூமுகத்தில் எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் மன்னரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலை அதன் மேல்மாடியில் இருக்கிறது; அதற்குப் போகும் மரப்படி செங்குத்தானது, ஒடுக்கமானது, மேலே தலையைக் குனிந்தே நுழைய வேண்டும். உப்பரிகை மாளிகையின் நான்கு தளங்களும் அப்படித்தான். இவற்றில் அவரை ஏற்ற முயல வேண்டாம். ஏறிவிட்டாலும் இறங்குவதுதான் பெரும்பாடு, பின்னால் கூட்டம் நெருக்கும்போது அவர் பதறிவிடுவார். பூமுகம், தாய்க் கொட்டாரம் என்னும் பழைய அரண்மனையின் முற்றம், ஊட்டுபுரையின் கீழ்த்தளம், நவராத்திரி மண்டபம் ஆகிய நான்கையும் தரைமட்டத்தில், ஓரிரு படி ஏறி இறங்கிப் பார்க்கலாம். ஒருவர் அவரோடு கீழே இருக்க, மற்றவர்கள் மாடிக்குப் போய் வந்து, பிறகு ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். பணியாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் சுற்றிப் போக வேண்டிய இடத்தில் சுருக்கு வழி காட்டுவார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒருவர் நின்று தமிழிலும் மலையாளத்திலும் விளக்கம் சொல்வார்.

செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முற்றங்கள் பதினொரு மணிக்கு மேல் காலைச் சுடும். காலையிலேயே வரச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். மாமியாருக்கு ஒரு சோடி தடித்த காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கறுப்புத் தரைமீது காலுறையோடு நடந்தால் வழுக்கும், அங்கே கழற்றிவிட வேண்டும்.

தோட்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். பூங்காவைப் போன்ற தோட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். முற்றங்கள் இருக்கின்றன, படிக்கட்டோடு கூடிய குளம் இருக்கிறது, சுற்றிலும் பச்சை இருக்கிறது. சோறு அவிழ்த்து உட்கார இடமில்லை. சாப்பாட்டுக்கு உதயகிரிக்குப் போங்கள்.

பறளியாற்றங்கரை எழுதியது:

கல்குளத்து அண்ணாச்சி சொல்வதில் எனக்கு மாறுபாடு இல்லை என்றாலும், அந்தத் தாளை முழுவதுமாகக் கிழித்துப் போட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்கள் மறுபடி எப்போது வருவார்களோ. தக்கலையிலிருந்து திருவட்டாறு வழியாக மாத்தூர் எட்டிவிடும் தூரம்தான். 1966-இல் கட்டி முடித்த பாலம், 28 தூண்கள், 115 அடி உயரம், கீழே பறளியாறு, மேலே தொட்டியில் கால்வாய்த் தண்ணீர். பதினான்கு வயதுப் பையன் அரண்மனையைவிட இதைத்தான் ஊருக்குப் போய்ப் பேசுவான். பாலத்தின் மேல்நடை சமமாக இருப்பதால் மாமியாரும் கொஞ்ச தூரம் நடந்து வரலாம். திற்பரப்பை மட்டும் விட்டுவிடுங்கள். சனிக்கிழமை அங்கே குளிக்க நிற்கும் கூட்டத்தில் ஆறு வயதுக் குழந்தையின் கையை விட்டுவிடக் கூடாது என்ற கவலையிலேயே பொழுது போய்விடும்.

கல்குளத்துக்காரன் எழுதியது:

தம்பி, மாத்தூர் நல்ல இடம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நண்பகல் 1 மணிக்கு அந்தப் பாலத்தின்மேல் ஒரு துண்டு நிழல் கிடையாது என்பது உனக்கே தெரியும். மாலை நான்கரைக்குப் போகலாம் என்றால் சரி. அப்படிப் போனால் உதயகிரியைச் சுருக்க வேண்டும். இரண்டில் ஒன்று என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

தச்சுப்பட்டறை எழுதியது:

நான் மூன்று தலைமுறையாக மரவேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் பாட்டா, தொழில் பழக வரும் பையன்களை முதல் மாதத்திலேயே அரண்மனைக்கு அழைத்துப்போய், பூமுகத்தில் மல்லாந்து படுக்கச் சொல்வாராம். இப்போது அப்படிப் படுத்தால் எழுப்பிவிடுவார்கள். ஆனாலும் உங்கள் பிள்ளைகளிடம் அந்தக் கூரையைக் காட்டாமல் நகர்ந்துவிடாதீர்கள். தேக்கில் செதுக்கிய 90 பூக்கள் அதில் இருக்கின்றன. ஒன்றைப் போல் ஒன்று இல்லை என்பார்கள். நால்வரையும் நான்கு மூலையில் நிறுத்தி, ஒரே மாதிரி இரண்டு பூ கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று சொல்லிப் பாருங்கள், கால் மணி நேரம் யாரும் பசிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். என் மகனிடம் இதைச் செய்தேன். ஒரு சோடியைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கத்தினான், கிட்டே போய்ப் பார்த்தால் ஒன்றில் நடுவட்டம் இதழ்களுக்கு மேலே எழும்பியும் மற்றொன்றில் உள்ளே அமிழ்ந்தும் இருந்தது.

அங்கேயே தொங்குகிற குதிரை வீரன் விளக்கைத்தான் நீங்கள் நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் திரும்பிய திசையிலேயே நின்றுவிடும் என்று பணியாளர் சொல்வார்.

மந்திரசாலைக்கு ஏறுகிறவர்கள் தரையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அந்தத் தரை சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, ஆற்றுமணல், தாவரச் சாறு ஆகியவற்றைக் குழைத்துப் பூசித் தேய்த்தது என்பதை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வருவது சன்னல்களைப் பற்றி. மரச்சட்டங்களுக்கு இடையில் கண்ணாடிக்குப் பதிலாக நிறமேற்றிய, மைக்கா என்கிற அபிரகத் தகடுகளைப் பொருத்தியிருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே வெளிச்சம் கண்ணைக் கூசாமல் வருகிறது. காற்று சாய்ந்த மரக்கம்பிகளின் வழியே நுழைகிறது. சன்னலுக்கு எதிர்ச்சுவரை ஒட்டிக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால், உடம்பில் இருந்த வியர்வை அடங்குவது தெரியும். மின்விசிறி இல்லாத காலத்தில் மந்திரிகள் எப்படி மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள் என்று அப்போதுதான் புரிந்தது எனக்கு.

தாய்க் கொட்டாரம் இந்த வளாகத்திலேயே பழமையானது. அதன் ஏகாந்த மண்டபத்தில் ஒரே பலாமரத்தில் கடைந்த தூண் ஒன்று இருக்கிறது. உங்கள் மாமியார் கீழே காத்திருக்கும் நேரத்தில் அந்தத் தூணின் அருகில் நிற்கச் சொல்லுங்கள். அடியிலிருந்து மேலே போகப் போக வேலைப்பாடு நுணுகிக்கொண்டே போவதைப் பார்க்கலாம், மாடிக்குப் போனவர்கள் பார்க்காத ஒன்றை அவர் பார்த்திருப்பார். அங்கிருந்து சாரோட்டுக் கொட்டாரத்துக்குச் சுரங்கப்பாதை உண்டு என்று பேச்சு வரும்போது கடைக்குட்டியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழியை அடைத்துவிட்டார்கள் என்று தெரிந்தாலும் பிள்ளைகள் தேடத்தான் செய்வார்கள்.

வடசேரிவாசி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. கல்குளத்து அண்ணாச்சியின் பதிவைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். திற்பரப்பையும் சிதறாலையும் அவரே அடித்துவிட்டார், கன்னியாகுமரி சூரியனை மட்டும் விட மனமில்லாமல் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பதினான்கு வயதுக்காரன் மாத்தூர் என்றதும் துள்ளுகிறான். எனக்கோ உதயகிரியில் என்ன இருக்கிறது என்பதே சரியாகத் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் போகும்போது மதில் தெரியும், அவ்வளவுதான். சோறு சாப்பிடுவதற்காக மட்டும் அங்கே போவது தகுமா?

புலியூர்க்குறிச்சி ஆசிரியை எழுதியது:

தகும். அரண்மனையைப் பார்த்துவிட்டு உதயகிரிக்குப் போகாமல் வீடு திரும்புகிறவர்கள் கதையின் பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது என் எண்ணம். பல ஆண்டுகளாக என் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் அழைத்துச் சென்றதால் சொல்கிறேன், முறை மாற்றக் கூடாது: அரண்மனை முதலில், கோட்டை பிறகு.

காரணம் இதுதான். அரண்மனைக்கு 1601-ஐ ஒட்டி இரவிவர்ம குலசேகரப் பெருமாள் அடித்தளம் இட்டதாகக் கொள்கிறார்கள். ஆனால் இன்று நாம் பார்க்கிற தோற்றத்தில் பெரும்பங்கு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தது. 1741 ஆகஸ்ட் 10-ஆம் நாள் குளச்சலில் அவருடைய படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்டவர்களுள் ஒருவர் டிலனாய். அந்தக் கைதியையே மன்னர் தம் படைக்குப் பயிற்சியளிப்பவராக அமர்த்திக்கொண்டார். உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டியதும், அதற்குள் பீரங்கி வார்க்கும் உலை நடந்ததும் டிலனாயின் மேற்பார்வையில்தான். 1750-இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, தம்மைப் பத்மநாப தாசன் என்று சொல்லிக்கொண்டு மன்னர் ஆண்டார். கல்குளம் பத்மநாபபுரம் ஆன கதை அதுவே. உப்பரிகை மாளிகையில் 64 மூலிகை மரத்துண்டுகளை இணைத்துச் செய்த கட்டிலைக் காட்டி டச்சு வணிகர்கள் தந்த பரிசு என்று பணியாளர் சொல்லும்போது, போரில் தோற்றவர்கள் ஏன் பரிசு தந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். விடையை அங்கேயே சொல்லிவிடாதீர்கள். பிற்பகலில் கோட்டைக்குள் இடிந்த தேவாலயச் சுவர்களுக்கு நடுவே டிலனாயின் கல்லறை முன்னால் நிறுத்திச் சொல்லுங்கள். 1777-இல் இறந்தார், லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. ஐரோப்பாவில் பிறந்த ஒருவருக்குத் தமிழெழுத்தில் கல்லறைக் கல்வெட்டு வெட்டியிருப்பதைப் பார்த்ததும் என் வகுப்பில் எப்போதும் வாயாடும் பையன்கள்கூட அமைதியாகிவிடுவார்கள். அரண்மனையில் அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளை இந்த டிலனாயின் வழியாகவே கிறித்தவ சமயத்தை அறிந்து தேவசகாயம் ஆனார் என்பதையும், அவரை 2022-இல் புனிதராக அறிவித்ததையும் நம் ஊர்ப் பிள்ளைகள் அறிவார்கள். கோயம்புத்தூர்ப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கோட்டைக்குள் ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்பு இருக்கிறது. வனத்துறை அதைப் பல்லுயிர்ப் பூங்காவாகப் பராமரிக்கிறது. நீங்கள் தேடிய தோட்டம் இங்கேதான் இருக்கிறது: பழைய மரங்கள், நிழலான நடைபாதை, மான்கள். மாமியாருக்கு நடை சமதளத்தில்தான். நடுவிலுள்ள குன்றில் ஏற பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும். சோற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டு போங்கள், பிளாஸ்டிக் பைகள் வேண்டாம். குரங்கு கண்ணில் படும்படி பழத்தை வெளியே வைக்காதீர்கள்.

போக்குவரத்தில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. நாகர்கோவிலிலிருந்து வரும்போது புலியூர்க்குறிச்சிதான் முதலில் வரும், தக்கலை பிறகு. காலையில் கோட்டையை நிறுத்தாமல் கடந்து நேராக அரண்மனைக்குப் போய்விட்டு, 12 மணிக்குக் கிளம்பித் திரும்பும் வழியில் கோட்டையில் இறங்கினால் ஒரே சாலையில் வேலை முடிந்துவிடும். மாத்தூர் போக வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் மேற்கே போய்த் திரும்ப வேண்டும். அது போக, அன்றே கன்னியாகுமரிக் கடற்கரைக்கும் ஆறு மணிக்குள் போய்ச் சேர முடியாது. பையனுக்கு மாத்தூரா, அப்பாவுக்குச் சூரியனா என்பதை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

வடசேரிவாசி எழுதியது:

தீர்ந்துவிட்டது. சூரியன் எல்லா நாளும் மறைகிறது, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மாமியாரே சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை 8 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறோம். அரண்மனை, பிறகு உதயகிரியில் கட்டுச்சோறு. வெயில் தாழ்ந்ததும் யார் யாருக்கு உடம்பில் தெம்பு இருக்கிறதோ அவர்கள் மாத்தூருக்கு, மற்றவர்கள் வீட்டுக்கு. இரண்டு வண்டி வைத்துக்கொள்கிறோம். சிவராத்திரி எந்த நாள் என்றும் பார்த்துவிட்டேன், எங்கள் நாளுக்கு இடைஞ்சல் இல்லை.

கல்குளத்துக்காரன் எழுதியது:

நல்ல ஏற்பாடு. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரண்மனையை விட்டு வெளியே வந்ததும் உடனே வண்டியில் ஏறாமல், மாமியாரை ஓரிடத்தில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு இராமசுவாமி கோயில் வரை நடந்துவிட்டு வாருங்கள். இராமாயணக் காட்சிகளை மரப்பலகைகளில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பூமுகத்தில் பூக்களை எண்ணிய கண்ணுக்கு அங்கே வேலை இருக்கும். கோயில் நண்பகலில் நடை சாத்திவிடும், அதனால் அரண்மனையிலிருந்து பதினொன்றரைக்கே வெளியே வந்துவிட வேண்டும். அந்தப் பருவத்தில் அக்கானி இறக்கத் தொடங்கியிருப்பார்கள். சாலையோரம் பானை தென்பட்டால் நிறுத்துங்கள், கோயம்புத்தூர்க்காரர்களிடம் பதநீர் என்று சொன்னால்தான் புரியும்.